67 காயங்கள், 700 கட்டுகள்: சிறு போர்களுக்கு ஒரு கணினி விளையாட்டு

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறும் படிகளில் பாதி தூரம் வந்ததும் எல்லோரும் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பார்கள். மூச்சு வாங்குவதற்காகத்தான் நிற்கிறோம். ஆனால் பார்வைக்கென்றே அமைந்த இடம் போலத் தோன்றும். காலடியில் நகரம். தென்கிழக்கே சிறுமலை. மேற்கே கொடைக்கானல் மலைகளின் நீலம். நடுவே ஒளிந்துகொள்ள இடமற்ற சமவெளி. சென்ற மார்கழியில் ஒரு காலை நாங்கள் நால்வர் அங்கே நின்றிருந்தபோது எங்களுள் இளையவர் கேட்டார்: “இங்க நடந்த சண்டையைக் கம்ப்யூட்டர்ல ஆடிப் பாக்கணும்னா முதல்ல எந்த கேமை வாங்கலாம்ணே?”

வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். எங்களில் மூத்தவர் சொல்லவில்லை. “எந்தச் சண்டை தம்பி?” என்று திருப்பிக் கேட்டார். இளையவரிடம் விடை இல்லை. உண்மையில் எங்கள் யாரிடமும் இல்லை. இந்தக் கோட்டை 1767இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1768இல் மைசூரிடம் திரும்பியது. 1783இல் மீண்டும் போனது. 1784இல் மங்களூர் உடன்படிக்கையால் திரும்பி வந்தது. 1790இல் கடைசியாகப் போனது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை அதை உறுதி செய்தது. இத்தனை முறை கைமாறிய பாறையின் மேல் ஞாயிற்றுக்கிழமைதோறும் நிலக்கடலை தின்றிருக்கிறோம். ஆண்டுகளை மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல ஒப்பிக்கத் தெரிந்திருக்கிறது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்கும் முதலில் அந்தத் தயக்கம் இருந்தது. பிறகு இப்படி யோசித்தோம். ஒரு வரலாற்று நாவலைப் படிக்கையில், இந்த மனிதன் இந்த இடத்தில் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பானா என்று நாம் ஓயாமல் கேட்டுக்கொள்கிறோம். போர்விளையாட்டிடமும் அதையே கேட்கலாம். கேட்டால் சில விளையாட்டுகள் உடனே வாயடைத்துப் போகின்றன. சில பதில் சொல்ல முயல்கின்றன. முதல் விளையாட்டைத் தேர்வதற்கு இதைவிட நல்ல சல்லடை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

*

பிரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த தலைமுறைக்குப் போர்விளையாட்டு என்றால் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’தான். 1999இல் வந்த அதன் இரண்டாம் பாகம் இன்றும் ஆடப்படுகிறது. 2022இல் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் வந்தபோது அதில் திராவிடர் என்றொரு பிரிவும் இராஜேந்திர சோழனின் படையெடுப்பும் இடம்பெற்றன. சுருள்வாள் வீரனும் ‘திரிசடை’ என்ற கப்பலும் திரையில் நகர்ந்தபோது எங்களுக்கும் உள்ளம் குளிர்ந்தது, மறைப்பானேன். ஆயினும் அது நாங்கள் தேடியது அல்ல. அதில் மரம் வெட்ட வேண்டும், பொன் தோண்ட வேண்டும், வீரனை உற்பத்தி செய்ய வேண்டும். அப்படி உற்பத்தியான வீரன் தன் உயிர்ப்பட்டையின் கடைசிப் புள்ளி தீரும்வரை சண்டையிடுவான். அஞ்சமாட்டான், இரவில் மதிலேறிக் குதித்து ஓடமாட்டான், சம்பள பாக்கி கேட்கமாட்டான். நாங்கள் படித்த எந்தப் போரிலும் இப்படிப்பட்ட வீரனைச் சந்தித்ததில்லை.

போர்விளையாட்டு என்று இத்துறையினர் சொல்வது வேறொரு மரபு. அதன் வேர் பிரஷ்யாவில் இருக்கிறது. ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் தம் மன்னருக்கு ஒரு மேசையைச் செய்து காட்டினார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் விதிகளைத் திருத்தி நூலாக வெளியிட்டார். நில வரைபடம், சிவப்பும் நீலமுமான கட்டைகள், பகடை, நடுவில் ஒரு நடுவர். இரு தரப்பாரும் தத்தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரியின் கட்டையை நடுவர் வரைபடத்தில் வைத்தால்தான் அவன் அங்கே இருக்கிறான் என்று தெரியும். ஒரு முறை ஆடுவது போர்க்களத்தின் இரண்டு நிமிடத்துக்குச் சமம். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அமெரிக்காவில் இது அட்டைப் பலகைக்கு வந்து கடைகளில் விற்பனையானது. 1980இல் ‘கம்ப்யூட்டர் பிஸ்மார்க்’ போன்றவை வந்தபோது நடுவரின் நாற்காலியில் கணினி உட்கார்ந்தது. எதிரியை மறைப்பது, பகடை உருட்டுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அதன் வேலையாயின. பெரிய வசதிதான். ஆனால் மனித நடுவரிடம் “ஏன் என் படை ஓடியது?” என்று சண்டை பிடிக்கலாம். கணினியிடம் பிடிக்க முடியாது.

நம்மிடம் இப்படி ஏதும் இல்லையா என்ற கேள்வி வராமலிருக்காது. சதுரங்கத்தைச் சொல்வார்கள். எங்களுக்கு ஆடுபுலி ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது. கோயில் மண்டபத் தரைகளிலும் ஊர்ப் பாறைகளிலும் கீறி வைத்திருக்கும் அந்தக் கோடுகளில் 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதுகின்றன. இரு தரப்புக்கும் வலிமை வேறு, எண்ணிக்கை வேறு, வெற்றி என்பதன் பொருளே வேறு. புலி வெட்ட வேண்டும். ஆடு அடைக்க வேண்டும். சதுரங்கத்தில் இரு பக்கமும் ஒரே படை நிற்கிறது. பாளையக்காரர் போர்களில் ஒருபோதும் அப்படி நின்றதில்லை.

*

1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்குவது வேலை. இங்கேதான் பிரெஞ்சுக் கைவினைஞர்களின் மேற்பார்வையில் ஆயுதச்சாலை ஒன்றை அமைத்தார். அடுத்த ஆறேழு ஆண்டுகளில் மைசூரையே கைக்கொண்ட மனிதரின் பயிற்சிக்களம் எங்கள் ஊர்தான் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு. பயிற்சிக்கு யார் முதுகு பயன்பட்டது என்பதை நினைத்தால் பெருமை குறையும்.

1810இல் முதல் பாகம் வெளிவந்த மார்க் வில்க்ஸின் தென்னிந்திய வரலாற்றில் இக்காலத்தைப் பற்றி ஒரு கதை வருகிறது. பாளையக்காரர்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு, காயம்பட்டவர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி கணக்கெடுக்க வருகிறார். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரியின் முன் மஞ்சள் தோய்த்த துணிக்கட்டுகளோடு வரிசையாக நின்றவர்கள் சுமார் 700 பேர். தொகை வந்து சேர்ந்தது. படைக் கணக்கெடுப்பிலும் ஆட்களைச் சுற்றிவரச் செய்து எண்ணிக்கையைப் பெருக்கினார் என்று வில்க்ஸ் எழுதுகிறார். வில்க்ஸ் ஹைதரின் எதிரித் தரப்புக்காரர் என்பதை மறக்கவேண்டியதில்லை. கதை இனித்ததால் கொஞ்சம் கூட்டியும் இருக்கலாம்.

இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. போர்விளையாட்டு எதை எடுத்தாலும் ஒவ்வொரு படைப்பிரிவின் மேலும் எண்கள் ஒட்டியிருக்கும்: எத்தனை பேர், எவ்வளவு பயிற்சி, எவ்வளவு மன உறுதி. அந்த எண்களைச் செய்தவர் ஏதோ ஒரு நூலிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த நூலாசிரியர் ஏதோ ஓர் அறிக்கையிலிருந்து எடுத்திருக்கிறார். அறிக்கைக்கு முன்னால் மஞ்சள் கட்டுகளோடு யாரோ நின்றிருக்கிறார்கள். திண்டுக்கல் சமவெளியின் போர்களை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகள். அவர்களுடைய பக்கங்களில் சிப்பாய்ப் பட்டாளத்துக்கு எண் உண்டு, தளபதிக்குப் பெயர் உண்டு. எதிரே நிற்பவர்கள் கும்பல். அந்தக் கும்பல் விளையாட்டுக்குள் வரும்போது ‘பயிற்சியற்றது’ என்ற முத்திரையோடு, முதல் வெடிச்சத்தத்தில் ஓடுவதற்கென்றே வரும். பிறகு ஆட்டத்தில் அது ஓடும். ஓடியதைப் பார்த்து, வரலாறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று நாம் தலையாட்டுவோம்.

அந்த முத்திரை எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதற்குச் சற்றுத் தெற்கே போக வேண்டும். 1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையைக் கம்பெனிப் படை தாக்கியது. மண்சுவரில் உடைப்பு இருந்தது, சிப்பாய்கள் ஏறினார்கள், உள்ளே நீண்ட ஈட்டிகள் காத்திருந்தன. தாக்குதல் பெரும் இழப்போடு முறிந்தது. கோட்டையை எடுக்க மே 24 வரை ஆயிற்று. அந்தக் களத்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் எதிரிகளின் மேல், குறிப்பாக ஊமைத்துரையின் மேல், மரியாதை தெரிகிறது. ‘பயிற்சியற்றது’ என்ற எண்ணோடு அந்த நாளை எந்தக் கணினியிலும் ஆட முடியாது. ஆடினால் கோட்டை காலைச் சிற்றுண்டிக்குள் விழுந்துவிடும்.

*

ஆக, மூத்தவரின் கேள்விக்கு வருவோம். எந்தச் சண்டை? பலவற்றைத் தள்ளியபின் மூன்று மிஞ்சின.

முதலாவது 1757இன் நத்தம் கணவாய். மதுரைப் பக்கம் புகுந்து சோழவந்தான் கோட்டையைப் பிடித்துச் சுற்றுப்புறத்தைச் சூறையாடிய ஹைதரை யூசுப் கான் கணவாய் வாயில் எதிர்கொண்டு தோற்கடித்தார். ஹைதர் திண்டுக்கல்லுக்குத் திரும்பினார். பின்னாளில் நவாபாலும் கம்பெனியாலும் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம், பின்னாளில் மைசூரை ஆண்ட ஹைதர் என்று இரு பெரும் பெயர்கள் ஒரு சிறு களத்தில் சந்தித்த நாள். ஒரு மாலைப் பொழுதில் ஆடி முடிக்கக்கூடிய அளவு.

இரண்டாவது 1790 ஆகஸ்ட் முற்றுகை. மூன்றாம் மைசூர்ப் போரில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கோட்டையின் முன் பீரங்கிகளை நிறுத்தினார். இரண்டு நாள் சுட்டதில் உடைப்பு சரியாக விழவில்லை. குண்டும் மருந்தும் தீரும் நிலை. இனிக் காத்திருக்க முடியாது என்று அரைகுறை உடைப்பின் மேல் ஆட்களை ஏற்றினார். கோட்டைக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். அதாவது சண்டையில் வென்றவர்கள் கோட்டைக்காரர்கள். ஆனால் அன்றிரவு காவற்படையில் பலர் இருளில் நழுவிவிட்டார்கள். விடிந்ததும் வெள்ளைக்கொடி ஏறியது. வெளியே நின்றவரிடம் சுடுவதற்கு அதிகமில்லை என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. இந்த ஊரின் தலைவிதியை முடித்த இரவு அது. துப்பாக்கி முனையில் முடியவில்லை. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பற்றாக்குறைகளில் முடிந்தது.

மூன்றாவது விருப்பாச்சி. 1772க்குப் பிறகு வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த பாளையம். அதன் தலைவர் கோபால் நாயக்கர் 1800இல் திண்டுக்கல் கூட்டணியைக் கூட்டினார். அவ்வாண்டு ஜூன் 3 அன்று கோயம்புத்தூர்க் கோட்டைமேல் நடத்தத் திட்டமிட்ட தாக்குதல் தோற்றது. 1801இல் அவர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல் கோபாலசமுத்திரக் குளத்தை அவர் நினைவோடு சேர்த்தே ஊரார் பேசுகிறார்கள். இந்தப் போரில் இரு படைகள் எதிரெதிரே அணிவகுத்த ஒரு களம் என்று எதையும் காட்ட முடியாது. மலை, காடு, செய்தி கொண்டு ஓடுகிறவன், தாமதமாகும் இன்னொரு பாளையம். இதுதான் ஆடுபுலி.

*

சண்டை தெரிந்ததும் விளையாட்டைத் தேடுவது எளிதாயிற்று. எது வேண்டாம் என்பதே முதலில் தெளிந்தது.

‘எம்பயர்: டோட்டல் வார்’ 2009இல் வந்தது. நம் நூற்றாண்டு, நம் நாடு. மைசூர் அரசும் அதில் உண்டு. ஆயிரக்கணக்கான வீரர்கள் வரிசையில் நின்று சுடுவதைப் பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் அதன் கண் பேரரசுகளின் மேல். நம் ஊர் அதில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை. களத்தில் காலம் ஓடிக்கொண்டே இருப்பதால், புதிதாக வருகிறவர் யோசிப்பதற்குள் இடதுபக்கம் கலைந்துவிடும். ஜான் டில்லர் பெயரில் வந்த அறுகோணக் கட்ட விளையாட்டுகள் மதிப்புக்குரியவை; நூற்றுக்கணக்கான கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் பொறுமை உள்ளவர்களுக்கு உரியவை. முதல் விளையாட்டாக அவற்றைக் கொடுத்தால் இரண்டாவது விளையாட்டுக்கு ஆள் வரமாட்டார்.

1996இன் ‘க்ளோஸ் காம்பாட்’ வேறொரு வகையில் எங்களைக் கவர்ந்தது. அதில் வீரன் அஞ்சுவான். குண்டு மழையில் ஓடச் சொன்னால் ஓடமாட்டான், தரையோடு ஒட்டிக்கொள்வான். 2000இல் வந்த ‘காம்பாட் மிஷன்’ இரு தரப்பு ஆணைகளையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு ஒரு நிமிடப் போரைத் தானே நடத்திக் காட்டும். பிரஷ்ய நடுவரின் நேர் வாரிசு என்றே சொல்லலாம். இரண்டுமே இரண்டாம் உலகப் போருக்கு உரியவை. அந்தப் போரின் சிறு மோதல்களில் ஆர்வமுள்ளவர் தயங்காமல் அவற்றிலிருந்து தொடங்கலாம். எங்களுக்கு வேண்டியது மதிலும் மருந்துத் துப்பாக்கியும் ஈட்டியும்.

கடைசியில் நாங்கள் இளையவருக்குச் சொன்னது ‘பைக் அண்ட் ஷாட்’. 2014இல் வெளிவந்தது, பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் களங்களுக்காகச் செய்யப்பட்டது. அதன் வழியில் அதே ஆசிரியரின் ‘ஃபீல்ட் ஆஃப் க்ளோரி 2’ 2017இல் வந்தது. அது பண்டைக் காலத்துக்கு உரியது, யானைப்படைகளும் உண்டு. சங்ககாலக் கனவுள்ளவர்கள் அதை எடுக்கலாம். ஆடும் முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

ஏன் இதைச் சொன்னோம்? முறை வைத்து ஆடுவது; அவசரமில்லை. எழுந்துபோய்க் காபி போட்டுவிட்டு வரலாம். பெரிய கணினி வேண்டாம். படைகளைச் சிறியதாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிரிவுகள் போதும். இவையெல்லாம் வசதிகள். உண்மையான காரணம் வேறு. இதில் ஒரு படை அழிவதற்கு முன் கலைகிறது. உறுதியாக நின்ற பிரிவு முதலில் குலைகிறது, பிறகு சிதறுகிறது, பிறகு ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவன் ஓடுவதைப் பார்த்து இன்னொரு பிரிவும் ஆட்டம் காண்கிறது. வென்ற குதிரைப்படை ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு நம் பேச்சைக் கேட்காமல் களத்தைவிட்டே போய்விடுகிறது. அதைத் திரும்ப அழைக்க நம்மிடம் பொத்தான் இல்லை. கடைசி ஆள் சாகும்வரை ஆட்டம் நீள்வதில்லை. படையில் குறிப்பிட்ட விழுக்காடு ஓடிவிட்டால் தோல்வி. போர்களைப் பற்றி நாம் படித்தவற்றுக்கு இது எவ்வளவோ நெருக்கம்.

இன்னொன்று, களத்தையும் படையையும் நாமே அமைத்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. எங்கள் போன்றோருக்கு இது இல்லாமல் எதுவும் ஆகாது. நத்தத்தை யாரும் நமக்காகச் செய்து தரப்போவதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முற்றுகைக்கு இது உதவாது. கணினி எதிராளி ஒரு கட்டத்துக்குமேல் பழகிவிடுவார். நண்பரோடு ஆடுவதே சுவை. ஒருவர் தம் முறையை முடித்து அனுப்பிவிட்டு வேலைக்குப் போகலாம், மற்றவர் இரவில் திறந்து ஆடலாம் என்பதால் அது கடினமில்லை. பழைய தபால் சதுரங்கம் போல.

*

நத்தம் களத்தை வரையச் சில வாரங்கள் பிடித்தன. கணவாய் வாய், இருபுறமும் குன்று, தோப்பு. எல்லாம் சரி, கண்மாயை என்ன செய்வது? ஐரோப்பியக் களங்களுக்காகச் செய்த அந்த விளையாட்டில் சதுப்பு உண்டு, ஓடை உண்டு, வேலி உண்டு, கண்மாய் இல்லை. கார்த்திகையில் நிறைந்திருந்தால் அங்கே குதிரை இறங்காது. சித்திரையில் அதுவே குதிரைக்கு மைதானம். கரையின் பின்னால் ஒரு பட்டாளமே படுத்திருக்கலாம். கடைசியில் கரையை ஒரு தாழ்ந்த மேடாகவும் உள்பக்கத்தைச் சதுப்பாகவும் வரைந்தோம். தென்தமிழ்நாட்டில் நடந்த சண்டைகளைப் படிக்கும்போது கண்மாய்க்கரையை நாங்கள் கவனித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வரைய வேண்டி வந்ததால் கவனித்தோம்.

அதைவிடப் பெரிய சச்சரவு எண்களில் வந்தது. ஹைதரின் காலாட்களுக்கு என்ன தரம் போடுவது? “தோத்தாங்கல்ல, கீழதான் போடணும்” என்றார் எங்களில் ஒருவர். தோற்றவர்களைத் தாழ்த்திப் போட்டால் தோற்பதைத் தவிர அவர்களுக்கு என்ன வழி என்றார் மூத்தவர். இரண்டு தரப்புக்கும் ஒரே தரம் போட்டு ஆடினோம். மூன்று ஆட்டங்களில் இரண்டில் கணவாயின் குறுகிய வாயே முடிவைச் செய்தது. பின்னால் நிற்பவர்கள் முன்னால் வர இடமில்லாமல் ஹைதர் தரப்பு நெருக்கியடித்துக் கலைந்தது. மூன்றாவதில் ஹைதர் வென்றார். யூசுப் கான் தரப்புக் குதிரை எதையோ துரத்திக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டது. இதிலிருந்து 1757இல் என்ன நடந்தது என்று நிரூபித்துவிட்டதாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வீரர்களின் தரத்தைக் குறைக்காமலேயே அந்தத் தோல்வி நிகழ முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

1790 முற்றுகையைக் கணினியில் ஆட முடியாததால் பழைய பிரஷ்ய முறைக்கே திரும்பினோம். ஒரு வீட்டின் இரண்டு அறைகள், நடுக்கூடத்தில் நடுவர், வரைபடம் மடிக்கணினியில். அட்டைப் பலகை ஆட்டங்களைக் கணினியில் நடத்த உதவும் ‘வாசல்’ என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். (பெயர் தமிழ் போலத் தோன்றினாலும் தமிழ் அல்ல, ஒலி ஒற்றுமையை நாங்கள் இரசித்தோம்.) ஆடுகிறவர்களுக்குக் கதை தெரிந்திருந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதால் நடுவர் ஊரின் பெயரை மாற்றி, மலையைத் திருப்பிப் போட்டு, நூல்களைப் படித்திராத இருவரை வெளியிலிருந்து அழைத்து உட்கார வைத்தார். தாக்குகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு: இன்னும் இத்தனை சுடலாம். காப்பவருக்கு ஒரு சீட்டு: வடக்கு வாசலில் இத்தனை பேர் குறைகிறார்கள்.

ஏறிய படை விரட்டப்பட்டது. அதுவரை வரலாற்றின்படிதான். பிறகு நடுவர் இரு அறைகளிலிருந்தும் அன்றைய இரவின் ஆணைகளை வாங்கினார். தாக்குகிறவர், “மருந்து தீர்ந்தது, விடியுமுன் முகாமைக் கலைத்துப் பின்வாங்குகிறேன்” என்று எழுதியிருந்தார். காப்பவர், “காலையில் சமாதானக் கொடி ஏற்றுகிறேன், ஆட்களை உயிரோடு வெளியே விட வேண்டும்” என்று எழுதியிருந்தார். இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு நடுவர் வெகுநேரம் பேசவில்லை. விதிப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. கடைசியில் பகடை உருட்டினார், கோட்டை பிழைத்தது. வாசலுக்கு வெளியே யாரும் இல்லை என்று தெரிந்தபோது, கொடியை எழுதிய நண்பரின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. தாம் எழுதியது கோழைத்தனமா என்று அவர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய சீட்டுகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தோம். அந்த எண்களை வைத்துக்கொண்டு எங்களில் யாராக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்போம்.

இளையவர் ‘பைக் அண்ட் ஷாட்’டை வாங்கிவிட்டார். ஐரோப்பியக் களங்கள் நாலைந்தை ஆடித் தோற்று, ஜெயித்து, இப்போது விருப்பாச்சியைத் தொட்டிருக்கிறார். நேருக்கு நேர் நிற்காத படையை அதில் எப்படி வைப்பது என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஆடுபுலிக் கோடு போட்டு, ஆடுகள் இருக்க வேண்டிய இடத்தில் பாளையங்களின் பெயர்களை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு தொலைபேசியில் அழைத்து, கோபால் நாயக்கரின் ஆட்களுக்கு என்ன தரம் போடுவது என்று கேட்டார். வெல்ஷைப் படித்துவிட்டு வா, மலைமேல் பேசுவோம் என்றோம்.